கண்ணாடி வளையலில் ஒரு கறுப்புப் பட்டை

வெளிச்சத்தோடு வெளிச்சத்தைச் சேர்த்தால் இருட்டு வரும் என்று நான் சொன்னதும் அந்தக் கரஸ்பாண்டன்ட் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடும். நாற்காலி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடித்த கையோடு கழுத்தை நீட்டிவிட்டுக் கோயமுத்தூர் கணபதிக்குக் குடிவந்திருந்தேன். வீட்டுக்காரருக்கு லேத் பட்டறை. வீட்டில் அவர், நான், மாமியார் மூன்றே பேர். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற ஜாதகம் எனக்கில்லை. சரவணம்பட்டிப் பக்கம் புதிதாக ஒரு மெட்ரிக் பள்ளி எழும்பிக்கொண்டிருந்தது. அதன் கரஸ்பாண்டன்ட், ஒரு நூல் மில்லுக்கும் சொந்தக்காரர், மாமியாருக்கு அண்ணன் முறை ஆக வேண்டும். அந்த வருஷம் ப்ளஸ் டூ ஆரம்பிக்கிறார்கள், பிசிக்ஸுக்கு ஆள் இல்லை என்று காதில் விழுந்ததும் மாமியாரைக் கிளப்பிக்கொண்டு போய் அவர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் என் சர்டிபிகேட்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, “அம்மணி, ஆறாங்கிளாசுக்கு சயின்ஸ் எடுங்க. ப்ளஸ் டூவுக்கு ஆம்பளை வாத்தியாரு ஒருத்தரைத் தேடிட்டு இருக்கறனுங்க” என்றார்.

“ஏனுங்க, எனக்கென்னங்க கொறச்சல்?”

மாமியார் பக்கத்திலிருந்து என் தொடையைக் கிள்ளினார்.

“கொறச்சல்னு சொல்லலீங்க. லேப் இன்னும் கட்டல. லேப் இல்லாம அத்தாம் பெரிய பசங்களை வெறும் பேச்சுலயே கட்டி உக்கார வெக்கோணும். பொம்பளைப்புள்ளை தாங்குமுங்களா?”

எனக்கு வந்ததே கோபம். மனதில் இருப்பதை மூட்டை கட்டி வைக்க எனக்கு என்றைக்குமே தெரியாது.

“லேப்பே வேண்டாங்க. எங்க சமையக்கட்டுல இருக்கறத வெச்சே, இருக்கறதுலயே கஷ்டமான பாடத்தைக் காட்டிப்போடறேன். வெளிச்சத்தோட வெளிச்சம் சேந்தா இருட்டு வருமுங்க. கண்ணால பாக்கலாம்.”

அப்போதுதான் அந்தச் சிரிப்பு. “ஒண்ணும் ஒண்ணும் சேந்து சைபரா? என்ற மில்லுல ஒருத்தன் இப்படிக் கணக்கு எழுதினான்னா அன்னைக்கே ஊட்டுக்கு அனுப்பிப்போடுவேன்!” என்றவர், சிரித்தபடியே ஒரு பந்தயம் வைத்தார். “வர்ற ஞாயித்துக்கெழமை மருதமலைக்குப் போறேன். வர்ற வழியில உங்க ஊட்டுக்குக் காப்பி குடிக்க வாரேன். அந்த இருட்டைக் காட்டிப்போட்டீங்கன்னா ப்ளஸ் டூ உங்களுக்கு. இல்லீன்னா ஆறாங்கிளாசு. சரிங்களா?”

“சரிங்க” என்றேன், மாமியார் இன்னொரு தரம் கிள்ளுவதற்குள்.

பஸ்ஸில் மாமியார் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கணபதி ஸ்டாப்பில் இறங்கியதும் ஆரம்பித்தார். “வாயா அது, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டா? ஒரு நிமிசம் மூடறதில்ல. ஆறாங்கிளாசே போதும்னு வாங்கிட்டு வந்திருக்கலாமல்ல? இப்ப அந்த அண்ணன் ஒறம்பரையா வாராரு. ஊடெல்லாம் சுத்தம் பண்ணோணும்.”

விருந்தாளியைத்தான் எங்கள் பக்கம் ஒறம்பரை என்போம். ஒறம்பரை வருகிறார் என்றால் மாமியாருக்குக் கை கால் ஓடாது. எனக்கோ அதைவிட மோசம். வாயை விட்டுவிட்டேன், என்னத்தைக் காட்டுவது? கல்லூரி லேபில் சோடியம் விளக்கு இருந்தது, மைக்ராஸ்கோப் இருந்தது. இங்கே தோசைக்கல்லும் அஞ்சறைப்பெட்டியும்தான் இருந்தன.

வழி கிடைத்தது துணி துவைக்கும்போது. வாளித் தண்ணீருக்குள் கை விட்டு எடுத்தேன், கையிலிருந்த கண்ணாடி வளையலுக்குள் ஒரு சோப்புப் படலம் மாட்டிக்கொண்டு வந்தது. அதில் சிவப்பும் பச்சையும் வரிவரியாக. அட! துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

சோப்பைச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் சர்க்கரை போட்டேன். படலம் சீக்கிரம் உடையாமலிருக்கத்தான் சர்க்கரை. வளையலைக் கழற்றி முக்கி எடுத்து நிமிர்த்திப் பிடித்து, பின்னால் கறுப்புக் குடையை விரித்து வைத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புகிற மாதிரி பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மேலிருந்து நிறங்கள் இறங்க ஆரம்பித்தன. பச்சை, ஊதா, தங்க நிறம், மறுபடியும் பச்சை. தண்ணீர் கீழே வடிய வடிய மேல்பக்கம் மெலிந்துகொண்டே போகும். நிறங்களும் பட்டை பட்டையாக நகரும். கடைசியில் மேல் ஓரத்தில் நிறமே இல்லாத ஒரு கறுப்புப் பட்டை வந்தது. படலம் அங்கே இருக்கிறது, வெளிச்சமும் அங்கே விழுகிறது, ஆனால் திரும்பி வருவது இருட்டு. அடுத்த நொடி பட்டென்று உடைந்தது. நான் சமையலறையில் தனியாக நின்று கத்திவிட்டேன்.

கல்லூரியில் இதை எத்தனையோ முறை கணக்காகப் போட்டிருக்கிறேன். வளையலுக்குள் அது என் கைக்கே வந்தது அன்றைக்குத்தான். அன்றைக்குச் சோறு தீய்ந்துபோனதை மாமியார் ரொம்ப நாள் சொல்லிக்காட்டினார்.

ஆனால் நிறங்களைக் காட்டி அந்த மனுஷனை நம்பவைக்க முடியாது. ‘வானவில்லுதானே’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஒரே நிறத்தில் வெளிச்சம் இருந்தால், வெளிச்சப் பட்டை, இருட்டுப் பட்டை என்று மாறி மாறித் தெரியும். அதைத்தான் காட்ட வேண்டும். ஒரே நிற வெளிச்சத்துக்கு எங்கே போவது? உப்பில் இருக்கிறது சோடியம்! பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை உப்புக் கரைசலில் முக்கி, இடுக்கியால் பிடித்துக் கேஸ் அடுப்பு நெருப்பில் காட்டினேன். நீலமாக எரிந்த நெருப்பு குபீரென்று மஞ்சளானது. ஜன்னலில் பவானி ஜமுக்காளத்தைக் கட்டி அறையை இருட்டாக்கியதும், அடுப்புக்குப் பின்னாலிருந்த சுண்ணாம்புச் சுவர் முழுக்க மஞ்சள். ஜமுக்காளத்துச் சிவப்புக் கோடெல்லாம் கறுத்துப்போய்விட்டது. கூடையிலிருந்த தக்காளிகூடக் கறுப்பு.

வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து வந்தவர் தக்காளியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நெம்ப நல்லாருக்குது. ஞாயித்துக்கெழமை நானே இடுக்கியப் புடிச்சுக்கறேன்” என்றார். அவர் அதிகம் பேசமாட்டார். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

எல்லாம் தயார், ஒன்றைத் தவிர. தண்ணீர்.

எங்கள் ஊரில் தண்ணீர் இரண்டு வகை. குழாயில் முறை வைத்து வரும் சிறுவாணித் தண்ணீர் ஒன்று. அதை ஆத்துத் தண்ணி என்போம். இளநீருக்கு அடுத்தபடி அதுதான் என்று கோயமுத்தூர்க்காரர்கள் பீற்றிக்கொள்வோம். இன்னொன்று ஆழ்துளைக் கிணற்றுப் போர் தண்ணி. வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். துவைக்கவும் குளிக்கவும் அதுதான். என் முதல் வெற்றி, குழாயில் தாராளமாக வந்த நாளில் நடந்தது. அன்றைக்கு வாளியிலும் ஆத்துத் தண்ணிதான். போர் தண்ணியில் சோப்புப் போட்டால் நுரை வராது. திரிதிரியாகத் திரிந்து அழுக்கு மாதிரி மிதக்கும். படலமாவது ஒன்றாவது! ஷாம்பு என்றால் போர் தண்ணியிலும் நுரைத்திருக்கும்தான். ஆனால் சீயக்காய் ஆட்சி நடந்த வீட்டில் ஷாம்பு எங்கிருந்து வரும்? எனக்கும் அந்த யோசனை அப்போது வரவில்லை.

அது கோடைக்காலம். சனிக்கிழமை வரவேண்டிய ஆத்துத் தண்ணி வரவில்லை. எங்கோ குழாய் உடைந்துவிட்டதாம். வீட்டில் அடிக்குடம்தான் மிச்சம். அதிலிருந்து ஒரு சொம்பு எடுத்து, தட்டைப் போட்டு மூடி, அலமாரியில் வைத்தேன். “அத்தை, இது என்ற சோப்புக்குங்க. ஆரும் தொடாதீங்க” என்று சொல்லியும் வைத்தேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரஸ்பாண்டன்ட் வந்தார். நெற்றியில் மருதமலைக் குங்குமம், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். எங்கள் பக்கம் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர்தான் கொடுப்போம். குடத்தின் அடியில் கிடந்ததை மாமியார் வழித்து ஒரு டம்ளரில் கொடுத்தார். அவர் அண்ணாந்து குடித்து, “ஆத்துத் தண்ணி ஆத்துத் தண்ணிதானுங்க” என்றார். மாமியார் முகத்தில் பெருமை பொங்கியது.

“சமையக்கட்டுக்கு வாங்க” என்றேன். ஆண் ஒறம்பரையைச் சமையலறைக்குள் கூப்பிடுவது மாமியாருக்குப் பெரிய அவமானம். வேறு வழி இல்லை, அடுப்பு அங்கேதானே இருக்கிறது! ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டோம். எல்லாவற்றையும் அவர் கண் முன்னாலேயே செய்ய வேண்டும், மாய மந்திரம் என்று சொல்லிவிடக் கூடாது என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். அலமாரியிலிருந்து சொம்பை எடுத்துத் தண்ணீரைச் சூடு பண்ணிச் சோப்புச் சீவலைப் போட்டுக் கலக்கினேன்.

நுரை வரவில்லை.

இன்னும் கலக்கினேன். கிண்ணத்தில் வெள்ளை வெள்ளையாகத் திரிதான் மிதந்தது. வளையலை முக்கி எடுத்தேன். ஒன்றுமில்லை, வெறும் வளையல். மறுபடியும். ஒரு கணம் படலம் நின்ற மாதிரி இருந்து பொசுக்கென்று போனது.

“பரவால்லீங்க அம்மணி” என்றார் அவர். சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தாலாவது எனக்குக் கோபம் வந்திருக்கும். “ஆறாங்கிளாசுப் புள்ளைகளும் புள்ளைகதானுங்க. அங்கயும் சொல்லிக் குடுக்கறதுக்கு நெம்ப இருக்குது” என்று எழுந்திருக்கப் போனார்.

கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்போது அடுப்பு மேடைப் பக்கமிருந்து மாமியார் மெல்லிய குரலில் கேட்டார். “அம்மணி, அதுக்கு ஆத்துத் தண்ணிதான் வேணுமா?”

“ஆமாங்க அத்தை, இதுவும் ஆத்துத் தண்ணிதானுங்களே.”

“இல்ல கண்ணு. அது போர் தண்ணி.”

நான் திரும்பினேன்.

“நீ வெச்சத எடுத்துக் காப்பிக்கு வெச்சுப்போட்டு, சொம்புல போர் தண்ணிய ஊத்தி வெச்சேன். குடிக்கற தண்ணியில ஆராச்சும் சோப்பக் கரைப்பாங்களா? அண்ணனுக்குக் காப்பி நல்லாருந்தா உனக்குத்தானே நல்லதுன்னு நெனச்சேன்.”

ஐயோ, அந்த நிமிஷம் எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே போய்ச் சொல்ல! இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்பையும் ஒரு வார ஆட்டத்தையும் ஒரு டம்ளர் காப்பிக்காகக் கவிழ்த்துவிட்டு, அதுவும் என் நல்லதுக்காம்! வாய் திறந்தால் என்ன வருமென்று எனக்கே தெரியாது. அதனால் வாழ்க்கையிலேயே முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மாமியார் என் முகத்தைப் பார்த்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். காப்பிக்கென்று எடுத்து வைத்திருந்த பித்தளைச் செம்பைப் பார்த்தார். முகம் கழுவ ஒரு கை ஆத்துத் தண்ணி எடுத்தால்கூடச் சண்டைக்கு வருகிற மனுஷி அவர். வீட்டில் இருந்த நல்ல தண்ணீர் அந்தச் செம்பில் இருந்தது மட்டும்தான். என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கித் திரிந்துபோனதைச் சாக்கடையில் கொட்டினார். கிண்ணத்தைத் தேய்த்தார். பிறகு அந்தச் செம்பைக் கவிழ்த்தார், கடைசிச் சொட்டு வரைக்கும்.

“உம், சோப்பப் போட்டுக் கலக்கு” என்றார்.

கலக்கினேன். நுரை வந்தது. பூப்பூவாக, கிண்ணம் தளும்ப வந்தது. “உக்காருங்கண்ணா, இன்னும் காப்பி குடிக்கலியே” என்று அவரை நாற்காலியில் உட்காரவைத்தார் மாமியார்.

வீட்டுக்காரர் ஜமுக்காளத்தை இழுத்துவிட்டுக் கம்பி நாரை நெருப்பில் காட்டினார். சமையலறை மஞ்சளில் மூழ்கியது. “அண்ணா, உங்க குங்குமம் கறுத்துப்போச்சு!” என்று மாமியார் பதறினார். அவர் தன் நெற்றியைத் தொட்டு விரலைப் பார்த்தார். விரலிலும் கறுப்பு.

நான் வளையலை முக்கி எடுத்து, சுவர் அதில் தெரியும்படி அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். முதலில் முழுசும் மஞ்சள். அப்புறம், வந்துவிட்டது! மஞ்சள் பட்டை, கறுப்புப் பட்டை, மஞ்சள், கறுப்பு, மேலிருந்து கீழே வரிசையாக இறங்கின. பேனாவால் கோடு போட்ட மாதிரி அத்தனை சுத்தமாக.

“பாருங்க. படலத்துக்கு முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு. ரெண்டு பக்கத்துல பட்டும் வெளிச்சம் திரும்பி வருதுங்க. மரத்துல கட்டி ஆடற தூரியை ரெண்டு பேரு ஆட்டறாங்கன்னு வெச்சுக்கங்க. ரெண்டு பேரும் ஒரே தெசையில தள்ளினா நெம்ப ஒசக்கப் போகும். எதிரும் புதிருமாத் தள்ளினா?”

“நின்னு போகும்” என்றார். கண்ணை வளையலிலிருந்து எடுக்கவில்லை.

“அதானுங்க அந்தக் கறுப்பு. ரெண்டு வெளிச்சமும் எதிரும் புதிருமா வர்ற எடம்.”

மேல் ஓரத்தில் கறுப்பு அகலமாகிக்கொண்டே வந்தது. “ஏனுங்க, அங்க ஓட்டை உளுந்துபோச்சா?” என்றார்.

“ஓட்டை உளுந்தா மொத்தமும் போயிருக்குமுங்களே! ஊதிப் பாருங்க. மெதுவா.”

அந்தப் பெரிய மில் முதலாளி உதட்டைக் குவித்து, குழந்தைக்குச் சோறு ஆற்றுகிற மாதிரி ஊதினார். கறுப்பு சுழன்றது. மஞ்சளுக்குள் ஒரு வால் நீட்டி, வளைந்து, மறுபடியும் மேலே வந்து நின்றது. “அட, சாமீ!” என்றது அவரல்ல, மாமியார். எப்போது என் தோள் பக்கம் வந்து நின்றார் என்றே தெரியவில்லை. பட்டென்று உடைந்தது.

“இன்னொருக்கா காட்டுங்க” என்றார் கரஸ்பாண்டன்ட்.

காட்டினேன். அப்புறம் வளையலை அவரே வாங்கி முக்கினார். அப்புறம் மாமியார் முக்கினார். அவர் கைக்கு ரொம்ப நேரம் நின்றது. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. உப்பு தீரத் தீர வீட்டுக்காரர் நாரை முக்கி முக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் சமையலறையில் அத்தனை பேர் சேர்ந்து அத்தனை சத்தம் போட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஜமுக்காளத்தை விலக்கியதும் மாமியார் காப்பி போட்டுக் கொடுத்தார். கரஸ்பாண்டன்ட் ஒரு வாய் குடித்தார். முகம் லேசாகக் கோணியது. மாமியார் தலைகுனியவில்லை. நேராக நின்று சொன்னார்:

“போர் தண்ணிக் காப்பிதானுங்கண்ணா. நல்ல தண்ணி முச்சூடும் என்ற மருமவளோட சோப்புக்குப் போயிருச்சு.”

ஒறம்பரைக்கு உப்புத் தண்ணிக் காப்பி கொடுத்தோம் என்று சொந்தத்தில் தெரிந்தால் ஆயுசுக்கும் பேச்சு நிற்காது. அது மாமியாருக்குத் தெரியாதா? சற்று முன் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு எல்லாச் சாமிகளுக்கும் நன்றி சொன்னேன்.

அவர் டம்ளரைக் கீழே வைக்காமல் குடித்து முடித்தார். “ப்ளஸ் டூ உங்களுக்குத்தானுங்க அம்மணி. சொன்னாச் சொன்னதுதான்” என்றவர், எழுந்துகொண்டே, “லேப் இல்லாமயே ஓட்டிப்போடலாம் போல இருக்குதே!” என்றார்.

“அது ஆகாதுங்க! லேப் கண்டிப்பா வேணுங்க” என்று பாய்ந்தேன். மறுபடியும் அந்தச் சிரிப்பு. இந்தத் தடவை எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பள்ளி திறந்த அன்றைக்கும் தண்ணீர்த் தட்டுப்பாடு தீரவில்லை. சேலைக்கு ஊசி குத்திக்கொண்டு, கைப்பையில் வளையலையும் சோப்புச் சீவலையும் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் மாமியார் மூடி போட்ட ஒரு தூக்குப்போசியோடு நின்றார். வாங்கினால் நல்ல கனம். திறந்து பார்த்தேன். கழுத்து வரைக்கும் ஆத்துத் தண்ணி.

“இத்தனை எதுக்குங்க அத்தை? குடிக்க ஒரு பாட்டில் போதுமுங்களே.”

“குடிக்கறதுக்கு அங்க பானை வெச்சிருப்பாங்க” என்றார். “இது சோப்புக்கு. போர் தண்ணியில கலக்கி அத்தாம் பெரிய பசங்க முன்னால நிக்காத, கண்ணு.”

பஸ்ஸில் நல்ல கூட்டம். போசியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.